பப்பாளி ஆணா, பெண்ணா, இருபாலா? பூவைப் பார்த்துப் பிரித்தறியும் வழி

நட்டு ஆறு மாதம் ஆகியும் கொல்லைப் பப்பாளி பூவாகக் கொட்டுகிறது, ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை. உரம் போதவில்லையோ, யாராவது கண் வைத்துவிட்டார்களோ என்று யோசிப்பதற்கு முன் பூக்காம்பைப் பாருங்கள். அது முழ நீளத்துக்குத் தொங்கினால் உங்களிடம் இருப்பது ஆண் மரம். காம்பு குட்டையாக, தண்டோடு ஒட்டியிருந்தும் பிஞ்சு பிடிக்கவில்லை என்றால், அது பக்கத்தில் ஆண் இல்லாத பெண் மரமாகவோ, வெயிலில் தற்காலிகமாக மலடாகிப்போன இருபால் மரமாகவோ இருக்கலாம். மூன்றுக்கும் வைத்தியம் வேறு. முதலாவதை வெட்ட வேண்டும், இரண்டாவதற்கு மகரந்தம் வேண்டும், மூன்றாவதற்குத் தண்ணீரும் பொறுமையும் போதும். எது எது என்று தெரியாமல் அரிவாளை எடுப்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் வெட்டிவிடுகிறார்கள்.

ஈழத்தில் இதைப் பப்பாசி என்பார்கள். பெயர் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

மூன்று வகை மரம்

மாமரத்தில் ஒரே கொத்தில் ஆண் பூவும் இருபால் பூவும் கலந்து வரும். பூசணியில் ஒரே கொடியில் ஆண் பூ தனியாக, பெண் பூ தனியாக வரும். பப்பாளி இந்த இரண்டிலும் சேராது. இங்கே மரத்துக்கு மரம் பால் வேறுபடும். ஆண் மரம் மகரந்தம் மட்டும் தரும். பெண் மரத்தின் பூவில் காயாக மாறும் சூலகம் மட்டும் இருக்கும், மகரந்தம் வெளியிலிருந்து வர வேண்டும். இருபால் மரத்தின் பூவில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் அது தன் மகரந்தத்தாலேயே காய்க்கும்.

பெண் மரத்துக் காய் உருண்டையாக, உள்ளே பெரிய குழியோடு, சதை ஒப்பளவில் மெல்லியதாக இருக்கும். இருபால் மரத்துக் காய் நீண்டு, குழி சிறுத்து, சதை தடித்து வரும். பழக்கடையில் வரிசையாக அடுக்கியிருக்கும் நீளப் பழங்கள் பெரும்பாலும் இருபால் மரத்தவை. பெண் மரத்துப் பழம் ருசியில் தாழ்ந்ததல்ல. அடுக்குவதற்கும் அனுப்புவதற்கும் நீளப் பழம் வசதி என்பதால் சந்தை அதைக் கேட்கிறது, அவ்வளவுதான்.

இதற்குப் பின்னால் இருக்கும் மரபியலில் ஒரு செய்தி தோட்டக்காரருக்கு உதவும். பெண் மரத்துக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். இருபாலுக்கு ஓர் எக்ஸோடு, ஒய்யிலிருந்து பிரிந்து வந்த வேறொரு வகை ஒய். அதாவது இருபால் மரம் ஆண் வழியில் வந்தது. அதனால்தான் அது சூழ்நிலை கெட்டால் ஆண் பக்கம் சாயும், குளிர்ந்தால் பெண் பக்கம் சாயும். பெண் மரம் மட்டும் வெயிலானாலும் பனியானாலும் பெண்ணாகவே நிற்கும். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் குழப்பங்களில் பாதி தீர்ந்துவிடும்.

விதை எங்கிருந்து வந்தது?

பால் அடையாளம் காணும் வேலை விதை வாங்கும் இடத்திலேயே தொடங்குகிறது. இரகங்கள் இரண்டு விதம். ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியாக முளைக்கும் இரகங்கள் ஒன்று. பெண்ணும் இருபாலும் மட்டும் முளைக்கும் இரகங்கள் மற்றொன்று. கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டவற்றில் கோ 1, கோ 2, கோ 4, கோ 5, கோ 6, கோ 8 ஆகியவை முதல் விதம். கோ 3, கோ 7 இரண்டாவது விதம். கோ 3 என்பது கோ 2 இரகத்தை ஹவாயிலிருந்து வந்த சன்ரைஸ் சோலோவோடு கலந்து உருவாக்கியது. இருபால் குணம் அந்த ஹவாய்ப் பக்கத்திலிருந்து வந்ததே. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் தைவான் கலப்பினமான ரெட் லேடி, பெங்களூரில் உருவான சூர்யா, குடகுப் பக்கத்துக் கூர்க் ஹனி டியூ ஆகியவையும் இரண்டாவது விதம்தான்.

வீட்டில் ஒன்றோ இரண்டோ மரத்துக்குத்தான் இடம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது விதத்தை வாங்குங்கள். ஆண் மரத்துக்கென்று ஓர் இடத்தை ஒதுக்க வேண்டியதில்லை. பாக்கெட்டில் இரகப் பெயர் இல்லாமல் 'நாட்டுப் பப்பாளி' என்று மட்டும் எழுதியிருந்தால் பாதி ஆணாக வரும் என்று எண்ணியே நடுங்கள்.

தின்ற பழத்தின் விதையைப் போட்டால்? அதற்கும் கணக்கு உண்டு. நீளப் பழம், அதுவும் இருபால் மரங்களே நிற்கும் தோட்டத்துப் பழம் என்றால், தன் மகரந்தத்தால் காய்த்த விதை மூன்றுக்கு இரண்டு இருபால், ஒன்று பெண் என்று முளைக்கும், ஆண் வராது. அதே தோட்டத்து உருண்டைப் பழத்தின் விதை பாதி பெண், பாதி இருபால். ஆண் மரமும் பெண் மரமும் நிற்கும் தோட்டத்து உருண்டைப் பழம் என்றால் பாதிக்குப் பாதி ஆண். இருபால் மரத்துப் பூவில் ஆண் மரத்து மகரந்தம் விழுந்திருந்தால் மூன்றும் சம பங்காக வரும். ரெட் லேடி போன்ற கலப்பினப் பழத்தின் விதையில் பால் விகிதம் இப்படியே இருந்தாலும், பழத்தின் அளவும் ருசியும் தாய் மரத்தைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

விதையைச் சுற்றியுள்ள வழவழப்பான உறை முளைப்பைத் தடுக்கும். சாம்பலில் தேய்த்து உறையைக் கழற்றி, கழுவி, நிழலில் உலர்த்துங்கள். பாலித்தீன் பைக்கு நான்கு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். இரண்டு மூன்று வாரத்தில் முளைக்கும். சுமார் 60 நாளில் நடலாம்.

நாற்றிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. இதைச் சொன்னால் பலருக்குக் கோபம் வரும், ஏனென்றால் ஊருக்கு ஒரு சூத்திரம் இருக்கிறது. கறுப்பு விதை ஆண், வெளிறிய விதை பெண் என்பார்கள். தண்ணீரில் மூழ்குவது பெண், மிதப்பது ஆண் என்பார்கள். ஆணிவேர் நேராக இறங்கினால் ஆண், பிரிந்தால் பெண். இலை வெட்டு ஆழமாக இருந்தால் ஆண். வேகமாக வளர்வது ஆண் என்று பட்டியல் நீளும். மிதக்கும் விதை பொக்கு விதை, அதனால் முளைக்காது. அதற்கும் பாலுக்கும் தொடர்பில்லை. வேரின் வடிவம் மண்ணையும் பையின் ஆழத்தையும் பொறுத்தது. எந்தச் சூத்திரமும் இரண்டில் ஒரு முறை பலிக்கத்தான் செய்யும், நாணயம் சுண்டினாலும் அப்படித்தான். பலித்ததை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதால் சூத்திரம் சாகாமல் வாழ்கிறது.

இலைத் துணுக்கிலிருந்து மரபணுவை எடுத்து ஆய்வகத்தில் பார்த்தால் நாற்றுப் பருவத்திலேயே பாலைச் சொல்லிவிடலாம். அது நாற்றுப் பண்ணைகளுக்கும் ஆராய்ச்சியாளர்களுக்கும் உரிய வேலை. வீட்டுத் தோட்டத்துக்கு அதைவிட மலிவான வழி இருக்கிறது: ஒரே குழியில் கூடுதலாக நட்டு, பூத்த பின் கழிப்பது.

குழிக்கு எத்தனை கன்று?

இருபால் வரும் இரகத்தில் மூன்றுக்கு இரண்டு இருபால் என்ற விகிதத்தில், குழிக்கு மூன்று கன்று வைத்தால் 27 குழிகளில் 26இல் குறைந்தது ஓர் இருபால் மரமாவது கிடைக்கும். இரண்டே கன்று வைத்தால் ஒன்பதில் எட்டு. ஆண், பெண் தனித்தனி இரகம் என்றால் நான்கு கன்று வையுங்கள். 16 குழிகளில் 15இல் ஒரு பெண்ணாவது இருக்கும். ஒரே கன்று வைத்துவிட்டு ஆறு மாதம் காத்திருப்பது சூதாட்டம்.

குழி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, ஆழமும் அதே. குழிக்குக் குழி 1.8 மீட்டர், அதாவது ஆறடி. கன்றுகளை ஒரே இடத்தில் கட்டாக நட்டுவிடாமல், முக்கோணமாக ஒன்றுக்கொன்று ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஒட்டி நட்டால் வேர்கள் பின்னிக்கொள்ளும். வெட்டும்போது நிற்க வேண்டியதும் ஆடிப்போகும். இன்னொரு கெடுதல், மூன்றும் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு ஒல்லியாக ஓடிவிடும். மாடித் தோட்டத்தில் 200 லிட்டர் டிரம்மைப் பாதியாக வெட்டி வைப்பவர்களும் இதையே செய்யலாம். ஆனால் அங்கே மண் குறைவு என்பதால் பால் உறுதியான வாரமே கழித்தாக வேண்டும்.

வேறு ஒரு தவறும் அடிக்கடி நடக்கிறது. மூன்றில் நோஞ்சானாக இருப்பதை இரண்டாம் மாதமே பிடுங்கிவிடுகிறார்கள். நோய் இல்லாதவரை விட்டு வையுங்கள். உங்களுக்கு வேண்டிய இருபால் அதுவாகவே இருக்கலாம்.

பூவைப் பார்க்கும் முறை

நட்ட நான்காவது மாதத்திலிருந்து ஆறாவது மாதத்துக்குள் இலைக்கக்கத்தில், அதாவது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், மொட்டு தெரியும். வாரத்துக்கு ஒரு முறை, காலை வெளிச்சத்தில் பாருங்கள். கையில் ஒரு பிளேடு, பழைய துணி, மரத்தில் கட்ட மூன்று நிறக் கயிறு இருந்தால் போதும். பப்பாளிப் பால் தோலில் பட்டால் சிலருக்கு எரியும். கையுறை போடுங்கள், கண்ணைக் கசக்காதீர்கள்.

முதலில் காம்பு. இலைக்கக்கத்திலிருந்து வரும் காம்பு நீண்டு, கிளைத்து, தொங்கத் தொடங்கினால் அது ஆண். ஒரு முழம், சில மரங்களில் இரண்டு முழம்கூடத் தொங்கும். அதில் டஜன் கணக்கில் சின்னப் பூக்கள் இருக்கும். இதை எட்டத்திலிருந்தே சொல்லிவிடலாம். காம்பு விரல் நீளத்துக்குள் நின்று, ஒன்றிலிருந்து நாலைந்து மொட்டு மட்டும் தண்டை ஒட்டி இருந்தால் பெண்ணோ இருபாலோ. காம்பைப் பார்த்து ஆணைப் பிரிக்கலாம். பெண்ணையும் இருபாலையும் பிரிக்கக் காம்பு போதாது.

அடுத்து மொட்டின் உருவம். பெண் மொட்டின் அடி பருத்து, நுனி கூர்ந்து, சின்னத் தாமரை மொட்டு மாதிரி இருக்கும். உள்ளே உருண்டைச் சூலகம் அடியை அடைத்துக்கொண்டு இருப்பதால் வரும் உருவம் அது. இருபால் மொட்டு உருளையாக, அடி லேசாகப் புடைத்து, நடு கொஞ்சம் ஒடுங்கி, நுனிப்பக்கம் மறுபடி தடித்திருக்கும். மேலே பத்து மகரந்தப்பைகள் அடைந்திருப்பதால் அந்த நுனிப் புடைப்பு. ஆண் மொட்டு மல்லிகை மொட்டுப் போல ஒல்லிக் குழல், நுனியில் மட்டும் ஒரு திரட்சி.

உருவத்தில் சந்தேகம் இருந்தால் அடுத்த நாள் விரியப் போகும் ஒரு மொட்டைக் கிள்ளி, பிளேடால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து பாருங்கள். ஒரு மொட்டு போவதால் மரத்துக்கு நஷ்டம் இல்லை. பெண் பூவில் ஐந்து இதழும் அடிவரை தனித்தனியாகப் பிரியும். நடுவில் வெளிறிய பச்சையில் உருண்டைச் சூலகம், அதன் தலையில் மகரந்தத்தை ஏற்கும், விசிறி போல விரிந்த ஐந்து சூல்முடிகள். மஞ்சள் மகரந்தப்பை ஒன்றுகூட இருக்காது. இருபால் பூவில் இதழ்களின் கீழ்ப்பகுதி ஒட்டிக் குழலாக இருக்கும். குழலின் வாயில் பத்து மகரந்தப்பைகள், ஐந்து நீளக் காம்போடும் ஐந்து குட்டைக் காம்போடும். நடுவே நீண்டு ஒல்லியான சூலகம், தலையில் சூல்முடி. ஆண் பூவில் மெல்லிய நீளக் குழல், பத்து மகரந்தப்பை, நடுவே சூலகத்துக்குப் பதில் ஊசி போன்ற ஒரு மிச்சம், சூல்முடி இல்லை.

ஆகவே கேள்வி இரண்டே. மஞ்சள் பை இருக்கிறதா? சூலகம் இருக்கிறதா? முதலாவது மட்டும் இருந்தால் ஆணாக இருக்கலாம், இரண்டாவது மட்டும் என்றால் பெண், இரண்டும் என்றால் இருபால். 'இருக்கலாம்' என்று முதலாவதற்கு மட்டும் சொன்னதற்குக் காரணம் உண்டு.

இருபால் மரம் போடும் வேஷங்கள்

புதிதாக வளர்ப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இருபால் மரத்தின் எல்லாப் பூவும் மேலே சொன்ன மாதிரி இருக்காது. பருவத்துக்குப் பருவம் ஆள் மாறும்.

முதல் வேஷம், மலட்டுப் பூ. கோடை வெயில் உச்சத்தில் இருக்கும்போதும், தண்ணீர் காயும்போதும், தழைச்சத்து குறையும்போதும் சூலகம் வளராமல் சூம்பிவிடும். பூ விரியும், மஞ்சள் பை இருக்கும், உள்ளே பிளந்தால் ஊசி மாதிரி ஒரு மிச்சம். ஆண் பூவேதான் என்று தோன்றும். மரத்தை வெட்டும் முன் காம்பைப் பாருங்கள்: ஆண் மரத்தில் காம்பு தொங்கும், இருபால் மரத்தின் மலட்டுப் பூ குட்டைக் காம்பிலேயே இருக்கும். முதல் முதலாகப் பூக்கும் சில பூக்களும் இப்படி மலடாக வருவது வழக்கம். ஆகவே முதல் பூவை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். இரண்டு மூன்று வாரம் விட்டு, வெவ்வேறு கக்கங்களில் நாலைந்து பூவைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். ஆண் மரத்துக்கு இந்த அவகாசம் தேவையில்லை, அதன் காம்பே காட்டிக்கொடுத்துவிடும்.

காய்த்துக்கொண்டிருந்த மரத்தில் இது நடந்தால் தண்டில் அடையாளம் நிற்கும். கீழே காய், நடுவில் ஓர் அடி வெறும் தண்டு, அதற்கு மேலே மறுபடி காய். அந்த வெறும் பட்டை, மரம் பட்ட கோடையின் கணக்கு. பூவின் தன்மை, பூ விரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே மொட்டுக்குள் தீர்மானமாகிவிடுகிறது. அதனால் இன்று தண்ணீர் விட்டால் நாளை நல்ல பூ வராது. வெயில் ஏறும் முன்பே மூடாக்குப் போட்டு, வாரத்துக்கு ஒரு முறையாவது நன்றாக நனையும்படி பாய்ச்ச வேண்டும். மணல் பாங்கான மண்ணில் இன்னும் அடிக்கடி. தண்டை ஒட்டித் தண்ணீர் தேங்கினால் அடித்தண்டு அழுகும். வட்டப் பாத்தி எடுத்து, தண்டைச் சுற்றிக் கொஞ்சம் மண் அணைத்துவிடுங்கள்.

இரண்டாவது வேஷம், கோணல் காய். குளிர்ந்த இரவுகளில், ஈரம் மிகுந்து, தழைச்சத்தும் அதிகமாக இருந்தால் இருபால் மரம் பெண் பக்கம் சாயும். மகரந்தப்பைகளில் சில சூலகத்தோடு ஒட்டிக்கொண்டு சூலகமாகவே மாறப் பார்க்கும். அப்படிப்பட்ட பூவிலிருந்து மடிப்பு மடிப்பாக, வடு விழுந்த, ஒரு பக்கம் இழுத்த காய் வரும். ஹவாய்க்காரர்கள் இதைப் பூனை முகம் என்பார்கள். மார்கழியில் விரிந்த பூக்களின் காய்களில் இதைப் பார்க்கலாம். மலைப்பாங்கான ஊர்களில் அதிகம். தின்னலாம், விற்க முடியாது. பிஞ்சிலேயே கிள்ளிவிட்டால் மற்ற காய்களுக்குச் சத்து போகும். சில மரங்களுக்கு இது பிறவிக் குணம். ஆண்டு முழுதும் கோணலாகவே காய்க்கும் மரத்தின் விதையை எடுக்காதீர்கள்.

மூன்றாவது வேஷத்தைப் பார்த்து அனுபவசாலிகளும் பெண் என்று சொல்லிவிடுவார்கள். பூவின் இதழ்கள் பெண் பூவைப் போலவே அடிவரை பிரிந்திருக்கும், சூலகமும் உருண்டை. ஆனால் சூலகத்தில் ஐந்து ஆழமான பள்ளங்கள் ஓடும். அந்தப் பள்ளங்களில் ஐந்து மகரந்தக் கம்பிகள் படிந்திருக்கும். காயும் பரங்கிக்காய் மாதிரி ஐந்து வரி பள்ளத்தோடு உருண்டையாக வரும். பத்துக்குப் பதில் ஐந்தே மகரந்தப்பை என்பதுதான் அடையாளம். ஆகவே 'பெண்' என்று முடிவு கட்டும் முன் சூலகத்தின் பக்கவாட்டைப் பூதக்கண்ணாடியில் ஒரு முறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்; மஞ்சள் பை ஒன்றாவது தெரிந்தால் அது பெண் மரம் அல்ல.

கோணல் காய் எல்லாமே பால் மாற்றத்தால் வருவதல்ல. காயின் மேல் முடிச்சு முடிச்சாகப் புடைத்து, பால் தானாகக் கசிந்தால் அது போரான் குறை. பெண் மரத்திலும் வரும். நட்ட 4ஆம் மாதமும் 8ஆம் மாதமும் லிட்டருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 1 கிராம் போரிக் அமிலமும் கலந்து தெளிப்பது வழக்கமான பரிந்துரை. காயில் வளையம் வளையமாகக் கோடும், இலையில் மஞ்சள் திட்டும், நுனி இலை சுருக்கமும் சேர்ந்து வந்தால் அது வளையப் புள்ளி வைரஸ். அதற்கு மருந்து இல்லை. மரத்தை அப்புறப்படுத்துவதுதான் மற்ற மரங்களைக் காக்கும்.

கழிப்பது எப்படி?

ஒவ்வொரு மரத்துக்கும் பால் உறுதியானதும் நிறக் கயிறு கட்டுங்கள். பார்த்த அன்றே வெட்ட வேண்டாம். ஆணாக இருந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். இருபால் இரகத்தில் குழிக்கு ஓர் இருபால் மரத்தை நிறுத்தி, பெண்ணைக் கழிப்பது தோட்டக்கலைத் துறையின் வழி. விற்பனைக்குப் பயிரிடுபவர்களுக்கு அது சரி. வீட்டில் தின்ன மட்டும் என்றால், பக்கத்தில் இருபால் மரம் நிற்கும்போது பெண் மரத்தை வைத்துக்கொள்வதில் தவறே இல்லை. கோடையிலும் தடுமாறாமல் காய்ப்பது அதுதான். ஒரு குழியில் மூன்றுமே பெண்ணாக வந்தால் ஒன்றை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருங்கள்.

ஆண், பெண் தனித்தனி இரகத்தில் 20 பெண்ணுக்கு ஓர் ஆண் போதும். வீட்டில் இரண்டு பெண் மரம்தான் என்றால் பக்கத்து வீட்டில் ஆண் மரம் இருக்கிறதா என்று எட்டிப் பாருங்கள். அந்தி நேரத்தில் வரும் பருந்து அந்துப்பூச்சிகளும் காற்றும் மகரந்தத்தைக் கொண்டுவரும். பெண் பூவில் தேன் கிடையாது. ஆண் பூ என்று ஏமாந்து வரும் பூச்சிதான் அதற்கு மகரந்தம் கொடுத்துவிட்டுப் போகிறது. அக்கம்பக்கத்தில் ஆணும் இல்லை, இருபாலும் இல்லை என்றால் பெண் மரத்துப் பிஞ்சு பழுத்து உதிரும். சில சமயம் விதையே இல்லாத சின்னக் காய் நிற்கும். எங்காவது ஆண் பூ கிடைத்தால் காலையில் புதிதாக விரிந்ததைப் பறித்து வந்து, இதழைக் கிழித்து, மஞ்சள் தூளைப் பெண் பூவின் சூல்முடிமேல் தொட்டுத் தடவிவிடலாம்.

வேண்டாத மரத்தைப் பிடுங்காதீர்கள். தரையோடு வெட்டுங்கள். பப்பாளித் தண்டின் உள்ளே வெற்றிடம். அடிக்கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் மழைநீர் அதில் தேங்கி அழுகி, பக்கத்து மரத்தின் வேருக்கும் தொற்றும். வெட்டிய இடத்தை மண்ணால் மூடி மேடாக்கிவிடுங்கள். வெட்டிய தண்டும் இலையும் உரக்குழிக்குப் போகட்டும், வைரஸ் தாக்கிய மரமாக இல்லாதவரை.

கழித்த பிறகுதான் முழு உரம் தொடங்க வேண்டும். வெட்டப்போகும் மரத்துக்குச் சோறு போடுவதில் பயனில்லை. மரத்துக்குத் தழை, மணி, சாம்பல் சத்து ஒவ்வொன்றும் 50 கிராம், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. இந்த 50 கிராம் சத்தின் எடை, மூட்டையின் எடை அல்ல. யூரியாவாக அது சுமார் 110 கிராம், சூப்பர் பாஸ்பேட்டாக சுமார் 310 கிராம், பொட்டாஷாக சுமார் 85 கிராம். 50 கிராம் யூரியா போட்டுவிட்டு 'உரம் வைத்தேனே, ஏன் பூ மலடாகிறது' என்று கேட்பவர்கள் பாதிக்கும் குறைவாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். குளிர் மாதங்களில் மட்டும் யூரியாவில் கை கட்டுப்படட்டும். கோணல் காயைக் கூட்டும்.

ஆண் மரம் காய்க்குமா?

காய்க்கும், எப்போதாவது. ஆண் மரத்தின் தொங்கும் காம்பு நுனியில் குளிர் காலத்தில் ஒன்றிரண்டு பூ இருபாலாக மாறி, சின்ன நீளக் காய் ஊசலாடும். பார்ப்பதற்கு வேடிக்கையாக இருக்கும், சாப்பாட்டுக்கு உதவாது. வெயில் வந்ததும் பழைய கதைதான். தண்டில் ஆணி அடித்தால், நுனியை வெட்டினால், அடியில் கல்லைச் செருகினால் ஆண் பெண்ணாகும் என்று ஊரில் சொல்வார்கள். மரபணு ஆணிக்கு அஞ்சி மாறாது. ஆணி அடித்த பிறகு காய்த்தது என்றால், ஒன்று அது குளிர் காலமாக இருந்திருக்கும், அல்லது முதலிலிருந்தே அது கோடையில் மலடாகி நின்ற இருபால் மரமாக இருந்திருக்கும். தண்டில் துளை போட்டால் அழுகல் நுழைவது மட்டும் உறுதி.

ஆண் பூ வீண் என்றும் சொல்ல முடியாது. இந்தோனேசியாவின் வடக்கு சுலாவெசிப் பக்கத்தில் அதன் கசப்பைப் போக்கி வதக்கிச் சோற்றோடு சாப்பிடுகிறார்கள்.

அடுத்த தலைமுறைக்கு விதை

நல்ல இருபால் மரம் கிடைத்துவிட்டால் விதையை வீட்டிலேயே எடுக்கலாம், அது கலப்பினமாக இல்லாதவரை. நீண்ட சூலகத்தோடு, பத்து மகரந்தப்பையோடு இருக்கும் பூவை, அது விரியும் முந்தின நாளே பட்டர் பேப்பர் பையால் மூடிக் கட்டுங்கள். பூ தன் மகரந்தத்திலேயே சூல் கொள்ளும். பிஞ்சு பிடித்ததும் பையை எடுத்துவிட்டு அந்தக் காம்பில் நிறக் கயிறு கட்டுங்கள். பை போடாவிட்டால் பக்கத்து வீட்டு ஆண் மரம் உங்கள் விதையில் புகுந்துவிடும். மூன்றில் ஒன்று ஆணாக முளைக்கும்போதுதான் தெரியும்.

எந்த மரம் என்று தேர்வதில் ஒரு விதி உண்டு: சித்திரை, வைகாசியில் வெறும் தண்டுப் பட்டை மிகக் குறுகியதாகவும், தையில் கோணல் காய் மிகக் குறைவாகவும் இருந்த மரத்தையே எடுங்கள். முதல் ஆண்டு முழுதும் பார்க்காமல் இதைச் சொல்ல முடியாது, அதனால் முதல் காயின் விதைக்கு அவசரப்பட வேண்டாம். பழம் மரத்திலேயே நன்றாக மஞ்சள் ஏறிய பிறகு பறித்து, விதையைச் சாம்பலில் தேய்த்து உலர்த்தி, காகித உறையில் போட்டு இரகம், மரத்தின் எண், மாதம் மூன்றையும் எழுதி வையுங்கள். நாட்பட நாட்பட முளைப்புத் திறன் குறையும். எடுத்த விதையை அடுத்து வரும் ஆனிக்கும் புரட்டாசிக்கும் இடையில் பையில் போட்டுவிடுங்கள்.